பூமியின் தட்டு

சார்ட் வகுப்பறையின் பின்சுவரில் இருந்தது. பிள்ளைகளுக்கு அது முதுகுப் பக்கம். பாடம் நடத்துகிற ஜெயமதிக்குத்தான் நேர் எதிரே.

வட்டமாக ஒரு தட்டு. நடுவில் நீலமும் பச்சையுமாகப் பூமி. அதைச் சுற்றி ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு ஸ்டிக்கர். மேலே பச்சை, நடுவில் மஞ்சள், எல்லாவற்றுக்கும் அடியில் தனியாக ஒரே ஒரு சிவப்பு. ‘பூமியின் தட்டு’ என்று தலைப்பு. எழுத்து ரோஜாவுடையது. வகுப்பில் அழகாக எழுதுகிறவள் அவள்தான். அந்தச் சிவப்பும் அவளுடையது.

ரோஜா பள்ளிக்கு வராமல் இரண்டு வாரம் ஆகப்போகிறது. ஜன்னலோரம் அவள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. அதே பெஞ்சில் மற்ற பெண்கள் முன்போலவே நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அந்தப் பக்கம் நகரவில்லை.

ஜெயமதி சமூக அறிவியல் ஆசிரியை. திண்டிவனத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போய் வருகிறாள். ‘உலகக் குடிமக்கள்’ என்று ஒரு பயிற்சித் திட்டம் இந்த வருஷம் பள்ளிக்கு வந்திருந்தது. தண்ணீர், குப்பை, துணி, உணவு என்று பாடம் பாடமாக ஒரு கைப்புத்தகம் கொடுத்திருந்தார்கள். நாம் இங்கே செய்வது எங்கோ இருக்கிற ஒருவரைத் தொடும் என்பதைப் பிள்ளைகள் உணர வேண்டும் என்று அதன் முன்னுரையில் இருந்தது. அந்த வரிக்கு அவள் அடிக்கோடு போட்டு வைத்திருந்தாள்.

உணவுப் பாடத்தில், பிள்ளைகள் தாங்கள் சாப்பிட்டதற்கு ஏற்ற நிறத்தைச் சார்ட்டில் ஒட்ட வேண்டும் என்று மட்டும்தான் கைப்புத்தகம் சொன்னது. எழுந்து நின்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. அது ஜெயமதியாகச் சேர்த்துக்கொண்டது.

அவள் வீட்டில் அப்படித்தான். தமிழ்ச் சமணர்களான நயினார் வீடு. பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். விளக்கு வைத்த பிறகு தண்ணீர்கூடக் கிடையாது. சாப்பிட்டு முடித்ததும் கூடத்தில் உட்கார்ந்து, இன்றைக்கு எதை விட்டோம் என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். ஒருவர் நெய்யை விட்டிருப்பார், ஒருவர் கிழங்கை. செஞ்சிப் பக்கம் அவள் பிறந்த வீட்டிலும் இதே வழக்கம். சாப்பாட்டைப் பற்றிச் சத்தமாகச் சொல்வதில் கூச்சப்பட ஏதாவது இருக்கும் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

உணவுப் பாடம் நடத்திய அன்றைக்கும் முதலில் அவள்தான் சொன்னாள். “நேத்து ஞாயித்துக்கிழமை. நான் சாயங்காலம் சோறும் பாசிப்பருப்பும் சாப்பிட்டேன். பொழுது போன பிறகு தண்ணி கூடக் குடிக்கறதில்ல.”

பிள்ளைகள் ஆச்சரியப்பட்டார்கள். “தாகம் எடுத்தா இன்னா டீச்சர் பண்ணுவீங்க?” என்று ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்தபடியே தட்டின் உச்சியில் தன் பச்சையை ஒட்டினாள்.

பிறகு வரிசையாக எழுந்தார்கள். சாம்பார். ரசம், முட்டை. கேப்பைக் களி, கருவாட்டுக் குழம்பு. காலனியிலிருந்து வருகிற சகாயராஜ் எழுந்து, “கத்திரிக்கா கொழம்பு டீச்சர்” என்று சொல்லிவிட்டு உடனே உட்கார்ந்தான். அதே தெருப் பிள்ளைகள் இன்னும் இரண்டு பேர் கத்திரிக்காய் என்றே சொன்னார்கள். அதற்கு அடுத்து ரோஜா எழுந்தாள்.

“மாட்டுக்கறி டீச்சர். ஞாயித்துக்கெழம சர்ச்சுல பூசை முடிஞ்சி வந்து எங்கம்மா செய்யும்.”

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது.

“உண்மையச் சொன்னா பாருங்க. எல்லாரும் கை தட்டுங்க” என்றாள் ஜெயமதி.

தட்டினார்கள். ஜெயமதி கைப்புத்தகத்தைத் திருப்பினாள். மாட்டுக்கறிக்கு நேராகத் தண்ணீர்ச் செலவு என்று ஒரு பெரிய எண் இருந்தது. பக்கத்தில் சிவப்பு வட்டம். அவள் தாளிலிருந்து சிவப்பு ஸ்டிக்கரை உரித்து, தட்டின் அடியில், தன் கையாலேயே ஒட்டினாள்.

மத்தியானத்திலிருந்து ரோஜாவை ‘ரெட்டு’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வாரக் கடைசியில் அவள் வருவது நின்றது.

*

திங்கட்கிழமை தலைமையாசிரியர் மாசிலாமணி அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் நல்ல மனநிலையில் இருந்தார்.

“டீச்சர், நம்ம சார்ட் செலக்ட் ஆயிடுச்சி. வியாழக்கெழம விழுப்புரத்துல கண்காட்சி. மாவட்டம் முழுக்க வர்றாங்க. நீங்க எடுத்துக்கினு போய் வெச்சிட்டு, ரெண்டு நிமிஷம் பேசிட்டு வந்துடுங்க.”

“சரி சார்.”

“அந்தப் பொண்ணு, நல்லா பேசுமே, அதக் கூட்டிக்கினு போங்களேன்.”

“ரோஜா வர்றதில்ல சார்.”

“ஒடம்பு சரியில்லியா?”

கேட்டுக்கொண்டே அவர் அடுத்த ஃபைலைத் திறந்தார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

ஆசிரியர் அறையில் அறிவியல் ஆசிரியை கலையரசி டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “வாழ்த்துகள் டீச்சர். ஆனா ஒரு டவுட்டு. அந்தப் பொஸ்தகத்துல தண்ணிக் கணக்குப் போட்டிருக்காங்களே, அது எந்த ஊரு மாடு? நம்மூரு மாடு பஸ் ஸ்டாண்டுல போஸ்டரத் தின்னுட்டு நிக்குது. அவ்ளோ தண்ணி அது ஆயுசுக்கும் பாத்திருக்காது.”

ஜெயமதி சிரிக்க முயன்றாள். சிரிப்பு வரவில்லை. வருத்தமும் வரவில்லை. கொஞ்ச நாளாகவே அப்படித்தான் இருந்தது. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால், விரலுக்குத் தெரியும், கன்னத்துக்குத் தெரியாது. அதுபோல.

அன்று மாலை கடைசி மணிக்கு முன் சவுரியம்மாள் வந்தாள். ரோஜாவின் அம்மா. களை எடுத்த கையோடு வந்திருந்தாள். புடவை ஓரத்தில் சேறு காய்ந்திருந்தது. வகுப்பு வாசலுக்கு வெளியிலேயே நின்றாள்.

“உள்ள வாங்க” என்றாள் ஜெயமதி.

“இருக்கட்டுங்க டீச்சரம்மா. பாப்பாவுக்கு டிசி வேணுங்க. விழுப்புரத்துல எங்க அக்கா வீட்ல வுட்டு அங்க ஸ்கூல்ல சேத்துடலாம்னு.”

“இப்ப, வருஷத்து நடுவுலயா?”

“சேத்துக்கறேன்னு சொல்லிக்கிறாங்க.”

“ஏன்? என்ன ஆச்சி?”

“ஒன்னுமில்லீங்க.”

சவுரியம்மாளின் பார்வை வகுப்புக்குள் போய், பின்சுவரில் இருந்த தட்டின்மேல் நின்று, திரும்பி வந்தது. அவளுக்கு அது என்னவென்று தெரியுமா தெரியாதா என்று ஜெயமதியால் கண்டுபிடிக்க முடியவில்லை.

“ரெண்டு நாள் டைம் குடுங்க. நான் வீட்டுக்கு வந்து ரோஜாகிட்டப் பேசறேன்.”

“எதுக்குங்க டீச்சரம்மா உங்களுக்குச் சிரமம்” என்றாள் சவுரியம்மாள். வர வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

*

செவ்வாய்க்கிழமை பள்ளி முடிந்ததும் கிளம்பியிருந்தால் வெளிச்சத்திலேயே போய் வந்திருக்கலாம். கண்காட்சிக்கு என்ன பேச வேண்டும் என்று சொல்ல மாசிலாமணி உட்கார வைத்துவிட்டார். அவள் காலனிக்குப் போய்ச் சேர்ந்தபோது சூரியன் ஏரிக்கரைப் பனைமரங்களுக்குப் பின்னால் இறங்கியிருந்தது. தெரு முனையில் சின்ன மாதா கெபி, சிலை வைத்த கல் குகை. அதில் ஒரு பல்பு எரிந்தது. சகாயராஜ் சைக்கிளில் எதிரே வந்தான். அவளைப் பார்த்ததும் வணக்கம் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு போனான்.

சவுரியம்மாள் பிளாஸ்டிக் நாற்காலியைப் புடவைத் தலைப்பால் துடைத்துப் போட்டாள். ரோஜா உள்ளே கதவோரம் நின்றாள். பள்ளிச் சீருடையில் இல்லாததால் வேறு யாரோ ஒரு பெண் போல இருந்தாள்.

“எப்படிம்மா இருக்க?”

“நல்லாருக்கேன் டீச்சர்.”

கோழி ஒன்று காலடியில் வந்து பார்த்துவிட்டுப் போனது. அடுத்த வீட்டில் டிவியில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள்.

சவுரியம்மாள் உள்ளிருந்து டீ கொண்டுவந்தாள். எவர்சில்வர் டம்ளர், புதியது. அடியில் கடை ஸ்டிக்கர் இன்னும் பாதி ஒட்டியிருந்தது.

“எடுத்துக்குங்க டீச்சரம்மா.”

கதவோரத்திலிருந்து ரோஜா சொன்னாள். “அவங்களுக்குக் குடுக்காதம்மா. பொழுது போனா தண்ணிகூடக் குடிக்க மாட்டாங்க. கிளாஸ்ல சொல்லிக்கிறாங்க.”

அவள் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. ஒருவருக்கு உதவுகிற மாதிரிதான் சொன்னாள்.

“அப்டிங்களா? எனக்குத் தெரியாதுங்க” என்றாள் சவுரியம்மாள். டம்ளரைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவள் கை நீண்டது. அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. இந்த வீட்டில் குடிக்காமல் போனவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணம் சொல்லியிருப்பார்கள். வயிறு சரியில்லை, இப்போதுதான் குடித்தேன், சர்க்கரை இருக்கிறது. இதுவும் ஒரு காரணம்.

உண்மையான காரணம். அது உண்மை என்பதால் இங்கே எதுவும் மாறப்போவதில்லை என்று ஜெயமதிக்குத் தெரிந்தது.

அவள் டம்ளரை எடுத்துக் குடித்தாள். இனிப்பு அதிகம். இஞ்சி தட்டிப் போட்டிருந்தார்கள். நினைவு தெரிந்த நாளிலிருந்து இருட்டிய பிறகு அவள் நாக்கில் எதுவும் பட்டதில்லை. காய்ச்சல் வந்தபோதுகூட மாத்திரையைப் பகலுக்கு ஒதுக்கிக்கொள்வாள். ஏதாவது நடக்கும் என்று நினைத்தாள். உடம்பு கூசும், அல்லது அழுகை வரும். டீ தொண்டையில் இறங்கியது. அவ்வளவுதான்.

“நல்லாருக்கு” என்றாள்.

“இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?”

“போதும்ங்க.”

சவுரியம்மாள் முகத்தில் லேசாக ஒரு சந்தோஷம் வந்தது. ரோஜா முகத்தில் இல்லை. அவள் காலியான டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

பஸ் நிறுத்தம் வரைக்கும் ரோஜா கூட வந்தாள். தெருவிளக்கு இல்லாத இடத்தில் செல்போன் வெளிச்சத்தை டீச்சரின் காலுக்கு முன்னால் காட்டிக்கொண்டு நடந்தாள். மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிகளுக்கு, யாரோ தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது.

“இன்னாத்துக்கு டீச்சர் குடிச்சீங்க?”

“உங்கம்மா குடுத்தாங்க.”

“எங்கம்மா எல்லாருக்குந்தான் குடுக்கும்.”

கொஞ்ச தூரம் போன பிறகு ஜெயமதி கேட்டாள். “பசங்க அப்படிக் கூப்பிடறதாலதானே நீ வரல? நான் கண்டிச்சு வைக்கிறேன்.”

“அதெல்லாம் ஒன்னுமில்ல டீச்சர். அவனுங்க எதுனா கூப்புட்டுக்கினுதான் இருப்பானுங்க.” ரோஜா வெளிச்சத்தை ஒரு பள்ளத்துக்குக் காட்டினாள். “எங்க தெருவுல யாரும் எங்கிட்டப் பேசல. சகாயராஜ் மூஞ்சியத் திருப்பிக்கினு போறான். அவங்கம்மா எங்கம்மாகிட்டச் சண்ட. ‘ஒம்பொண்ணு ஒருத்தியாலதான எம்புள்ளயும் தின்னுதுன்னு கிளாசு முழுக்கத் தெரிஞ்சிபோச்சி’ன்னு. நான் தின்னதுக்கு இல்ல டீச்சர். சொன்னதுக்கு.”

ஜெயமதி நின்றாள். ரோஜாவும் நின்றாள். கத்திரிக்காய் என்று சொல்லிவிட்டு உடனே உட்கார்ந்த அந்தப் பையனை ஜெயமதி நினைத்துக்கொண்டாள். அவனுக்கும் பச்சைதான் கிடைத்திருந்தது.

“நான் சொல்லச் சொன்னேன். அதனாலதான் நீ சொன்ன” என்றாள்.

“ஆமாம்.”

“உன்னச் சொல்ல வெச்சது தப்பு.”

ரோஜா அதை வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை. “டீச்சர், நீங்க ஒங்க வீட்ல சொல்லுவீங்களா?”

“எதை?”

“பொழுது போயி எங்க வீட்ல டீ குடிச்சத.”

தூரத்தில் பஸ்ஸின் விளக்கு தெரிந்தது. கிட்ட வந்தபோது அது லாரி.

“சொல்லிட்டு வாங்க டீச்சர்” என்றாள் ரோஜா. “அப்ப நான் ஸ்கூலுக்கு வர்றேன். டிசி வேணாம்.”

“நெஜமாவா?”

“நெஜமாதான்.”

பஸ் வந்தது. ஜெயமதி ஏறிக்கொண்டாள். ‘சொல்றேன்’ என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். கண்டக்டர் விசில் அடித்ததில் அதைச் சொன்னாளா இல்லையா என்பது அவளுக்கே உறுதியாகத் தெரியவில்லை.

*

வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். பாத்திரங்கள் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தன. அந்த வீட்டில் இருட்டிய பிறகு யாருக்கும் எதுவும் எடுத்து வைப்பதில்லை. அவள் கணவன் சாந்திராஜ் மல்லாட்டை வியாபாரி. மண்டியிலிருந்து சீக்கிரமே வந்திருந்தான். மகள் சன்மதி பாயில் உட்கார்ந்து பாடப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

“லேட் ஆயிடுச்சே. சாப்பிடாமப் போச்சே உனக்கு” என்றான் சாந்திராஜ்.

“பரவால்ல.”

கைகால் கழுவி வந்து உட்கார்ந்தாள். அவளுக்காகத்தான் காத்திருந்தார்கள்.

“நான் இன்னிக்குச் சாக்லேட் விட்டேன்” என்றாள் சன்மதி. “யாமினிக்குப் பொறந்த நாள். குடுத்தா. வேணாம்னு சொல்லிட்டேன்.”

“வாங்கி எங்கிட்டக் குடுத்திருக்கலாமே” என்றான் சாந்திராஜ். சன்மதி அவன் தொடையில் அடித்தாள். “நான் தயிர் விட்டேன்” என்றான் அவன். பிறகு ஜெயமதியைப் பார்த்தான். “நீ?”

சொன்னால் என்ன ஆகும் என்று அவள் பஸ்ஸில் வரும்போது எண்ணிப் பார்த்திருந்தாள். பெரிதாக ஒன்றும் ஆகாது. சாந்திராஜ் சத்தம் போடுகிறவன் இல்லை. ‘யார் வீட்ல?’ என்று கேட்பான். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பான். நாளைக்கு ஒருநாள் உபவாசம் இரு என்பான். சன்மதி நிமிர்ந்து பார்ப்பாள். அவ்வளவுதான். வகுப்பில் சொன்னதற்காக ரோஜா பட்டதில் பாதிகூட இருக்காது.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நாக்கின் ஓரத்தில் இஞ்சி இன்னும் இருந்தது.

“சாயங்காலச் சாப்பாடு” என்றாள். “இன்னிக்கு ஒருவேளைய விட்டேன்.”

“பசிக்கலியா?” என்றாள் சன்மதி.

“இல்ல.”

சாந்திராஜ் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலில் லேசான மரியாதை இருந்தது. சன்மதி அட்டை போடுவதைத் தொடர்ந்தாள். ஜெயமதி அப்படியே உட்கார்ந்திருந்தாள். இப்போதாவது உள்ளே ஏதாவது வரும் என்று பார்த்தாள். தெருவில் ஒரு ஆட்டோ போனது. பிறகு எழுந்து விளக்கை அணைத்தாள்.

*

புதன்கிழமை காலையில் சவுரியம்மாள் வந்து நின்றாள். ரோஜா வரவில்லை. “பாப்பா உங்களக் கேக்கச் சொல்லிச்சிங்க. டீச்சர் எதுனா சொன்னாங்களான்னு. எதுனா சொல்றதுக்கு இருக்குதுங்களா?”

ஜெயமதி தன் கையிலிருந்த சாக்பீஸைப் பார்த்தாள். “இல்லீங்க” என்றாள்.

“அப்ப டிசியக் குடுத்துடுங்க.”

மாசிலாமணி கையெழுத்துப் போட்டார். சவுரியம்மாள் போன பிறகு கேட்டார். “சார்ட்டுல அந்தப் பொண்ணு பேரு எங்கனா இருக்குதா டீச்சர்?”

“ஸ்டிக்கர்ல பேர் கெடையாது சார்.”

“அப்ப சரி. யாரு கேக்கப்போறாங்க.”

அன்று மாலை அவள் சார்ட்டைச் சுவரிலிருந்து எடுத்துச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டாள். சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. பிள்ளைகள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

*

வியாழக்கிழமை காலை திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் விழுப்புரம் பஸ் கிளம்பி நகர்ந்துகொண்டிருந்தது. ஓடிப்போய் ஏறினாள். உட்கார இடமில்லை. ஒரு கையில் கைப்பை, இன்னொரு கையில் சார்ட். கம்பியைப் பிடிக்க முடியாமல் தடுமாறினாள்.

“குடுங்க டீச்சர். நான் வெச்சிக்கறேன்.”

ரோஜா. ஜன்னலோரம் சவுரியம்மாள். இருவருக்கும் நடுவில் ஒரு பெட்டி, ஒரு தலையணை, பால் பவுடர் விளம்பரம் போட்ட கட்டைப்பை. நிற்கிறவர்களின் சாமானை உட்கார்ந்திருப்பவர்கள் வாங்கி மடியில் வைத்துக்கொள்வது எல்லா பஸ்ஸிலும் நடப்பதுதான். ரோஜா கையை நீட்டியபடி இருந்தாள். ஜெயமதி சார்ட்டைக் கொடுத்தாள்.

“எங்க டீச்சரம்மா, ஆபீசுங்களா?” என்றாள் சவுரியம்மாள்.

“ஒரு மீட்டிங்.”

ரோஜாவுக்கு அது என்ன சார்ட் என்று தெரியும். ரப்பர் பேண்டுக்குக் கீழே அவள் எழுதிய தலைப்பின் முதல் எழுத்து தெரிந்தது. அவள் அதை மடியில் குறுக்கே வைத்து, மடங்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கூட்டேரிப்பட்டில் இன்னும் கூட்டம் ஏறியது. யாரோ ஒருவரின் பை அதன்மேல் இடித்தபோது தள்ளிப் பிடித்தாள்.

விக்கிரவாண்டி தாண்டிய பிறகு சவுரியம்மாள் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள்.

“சொன்னீங்களா டீச்சர்?” ரோஜா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“இல்ல.”

“ம்.”

“இன்னிக்குச் சொல்றேன்” என்றாள் ஜெயமதி.

ரோஜா திரும்பி அவளைப் பார்த்தாள். கோபம் இல்லை. சகாயராஜையும் அவள் இப்படித்தான் பார்த்திருப்பாள் என்று தோன்றியது. “வேணாம் டீச்சர்” என்றாள். “சொன்னாப் பேஜாருதான். எதுக்கு உங்களுக்கு.”

விழுப்புரம் வருவதற்கு முன்னால் ரோஜா அம்மாவை எழுப்பினாள்.

புது பஸ் ஸ்டாண்டில் இறங்கினார்கள். சவுரியம்மாள் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். ரோஜா சார்ட்டை நீட்டினாள்.

“கசங்கல டீச்சர்.”

“தேங்க்ஸ்மா.”

“வர்றேன் டீச்சர்.”

அம்மாவும் மகளும் டவுன் பஸ் நிற்கிற பக்கம் போனார்கள். தலையணை ரோஜாவின் தோளில் இருந்தது. கூட்டத்தில் கொஞ்ச நேரம் அது மட்டும் தெரிந்தது. ஜெயமதி பார்த்துக்கொண்டே நின்றாள். கண்காட்சியில், தட்டின் உச்சியில் ஒட்டிய தன் பச்சையைப் பற்றி இரண்டு நிமிஷம் பேச வேண்டும் என்பது ஞாபகம் வந்தது.

ஷேர் ஆட்டோவில் ஏற்கெனவே ஐந்து பேர் இருந்தார்கள். “வாங்க மேடம், ஒரு சீட்டு இருக்குது. அந்தச் சார்ட்டப் பின்னாடி போட்டுடலாமா?” என்று ஆட்டோக்காரர் கேட்டார்.

“வேணாம்” என்றாள். ஏறி உட்கார்ந்து, அதை மடியில் குறுக்கே வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.